ஒயர் மாட்டும் கித்தார்

கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாண வீட்டுப் பாட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் பாண்டிச்செல்வியைக் கூப்பிடுவார்கள். போடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பகலில் ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே யாரோ விட்டுப்போன பழைய கித்தாரை வைத்துக்கொண்டு, போனைப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள். கூட வாசிக்கும் யூசுப்பின் டோலக்குக்கு மேலே கேட்க வேண்டுமே என்று தந்திகளை ஓங்கி அடித்தாள். அதற்கும் மேலே கேட்க வேண்டுமென்று உரக்கப் பாடினாள். செல்விச் சேச்சியின் தொண்டைக்கு மைக்கே வேண்டாம் என்று பேர் வாங்கிவிட்டாள்.

பழைய கித்தாரின் கழுத்து வளைந்துபோகவே, புதிதாக ஒன்று வாங்கினாள். சும்மாவும் வாசிக்கலாம், ஒயர் மாட்டினால் ஸ்பீக்கரிலும் கேட்கும்.

யூசுப் வீட்டு ஸ்பீக்கரில் முதல் தடவை ஒயரை மாட்டி, வழக்கம்போல் ஓங்கி ஒரு அடி. கித்தார் ஊளையிட்டது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பதுக்கே, மெதுவா வாசிங்க சேச்சி. அது உங்க சண்டைக்காரி இல்ல," என்றான் யூசுப்.

அவள் அசரவில்லை. ஸ்பீக்கருக்கு நேரே நின்றால் கத்துகிறது, ஒதுங்கி நின்றால் அடங்குகிறது என்று கண்டுபிடித்தாள். கித்தாரின் விலாவில் இருந்த திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வேலை முடிந்து வந்து தினமும் அதை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் தடவினாலே போதும், தந்தி முழுசாகப் பேசியது. கை மெதுவானதும் குரலும் தானாக இறங்கியது. இத்தனை வருஷம் தனக்குள் இப்படி ஒரு கீழ்க்குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போலப் பாடினாள். பிடித்திருந்தது.

இடக்கொச்சியில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒயரை மாட்டினாள், சத்தமே இல்லை. யூசுப் ஸ்பீக்கரைத் தட்டினான்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. நேத்து ஒயரை உருவாம வச்சுட்டேன், கித்தாருக்குள்ள இருக்கற பேட்டரி தீந்துருக்கும்," என்றாள். கூட வந்திருந்த புருஷன் ஆனந்தகுமார் எலக்ட்ரீஷியன். "ஏங்க, நீங்க கரண்ட் பாக்கற மீட்டர்லயும் இதே சதுர பேட்டரிதானே?"

"அதைக் கழட்டிட்டா நாளைக்கு நான் கரண்டை விரலால தொட்டுப் பாக்கவா?" என்று முனகிக்கொண்டே கழற்றிக் கொடுத்தான்.

இந்த முறை கித்தார் பேசியது. பாண்டிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீழ்க்குரலில் ஆரம்பித்தாள். அவள் குரல் கேட்க வேண்டுமென்று யூசுப்பும் டோலக்கை விரல் நுனியால் வாசித்தான். பந்தலில் பேச்சு ஒவ்வொரு மூலையாக நின்றது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் கல்யாணப் பெண்ணின் அத்தை பாக்கியலக்ஷ்மி கிட்டே வந்தாள். "என்ன செல்வி, தொண்டை சரியில்லையா? உன் குரல் மாதிரியே இல்லையே."

"இல்லக்கா, இதுவும் என் குரல்தான்."

பாக்கியலக்ஷ்மி பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்படின்னா இன்னொண்ணு பாடு."

எந்தப் பாட்டு என்று பாண்டிச்செல்வி யாரையும் கேட்கவில்லை; தனக்குப் பிடித்ததை அதே கீழ்க்குரலில் எடுத்தாள்.