தாருக்குள் ஒரு முழம்

எத்தாளை ஊர் ஹஃபீலாவை எங்கள் பஸ்ஸில் திட்டாத வாய் கிடையாது. காலையில் கற்பிட்டிக்கு வேலைக்குப் போகிற பஸ் அது. எங்களுக்கு முன்னால் அவளும் தையல் கடைக்குச் சைக்கிளில் போவாள். தார் ஓரத்தில் அல்ல, ஒரு முழம் உள்ளே. எதிரே வாகனம் வந்தால் அவளைத் தாண்ட முடியாது, பின்னால் ஊர வேண்டியதுதான். திமிர் பிடித்தவள் என்பார்கள். அந்த ஓரத்தில் தார் விளிம்பு உடைந்து, ஒரு சாண் பள்ளத்தில் மணல் கிடக்கிறது. திட்டுகிறவர்கள் ஒருநாளாவது ஜன்னலால் எட்டிப் பார்த்தால் என்ன?

அவளுடைய புருஷன் முபாரிஸ் அங்கேதான் விழுந்தார். எங்கள் ட்ரைவர் பாறூக்கின் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு உரசுகிற மாதிரி வந்தது. முபாரிஸ் சைக்கிளை ஒதுக்கினார், சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, இடுப்பெலும்பு முறிந்தது. பஸ் அவரில் படவில்லை, அதனால் வழக்கும் இல்லை. தன் கையால் ஒரு விபத்தும் நடந்ததில்லை என்று பாறூக் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது அவருடைய கெட்டித்தனமா? சைக்கிள்காரர்கள் மணலில் விழுந்து கொடுத்ததால் தப்பிய பெயர் அது.

அதே சைக்கிளைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஹஃபீலா ரோட்டில் இறங்கினாள். பள்ளிவாசல் நிர்வாகத்துப் பதியுதீன் ஹாஜியார் வீடு தேடி வந்து, பொம்பிளைப் பிள்ளைக்கு இந்த அடம் ஆகாது, ஓரமாகப் போ என்று புத்தி சொன்னார். ஓரத்தைக் காட்டினால் போகிறேன் என்றாளாம். நீயும் விழுந்தால் இந்த வீட்டில் யார் எழும்பி நடப்பது என்று முபாரிஸ் அழுதார். பயம் அவளுக்கும் இருந்தது. ஹோன் கேட்டால் அவள் தோள் குறுகுவது பஸ்ஸிலிருந்தே தெரியும்.

போன மாதம் ஒரு காலை, பாறூக் ஹோனிலிருந்து கையை எடுக்காமல் அவளுடைய பின்சக்கரத்தை முட்டுகிற அளவுக்கு நெருக்கினார். ஏற்றிவிடுவார் என்றே நினைத்து, நிப்பாட்டச் சொல்லிக் கத்தினேன். பஸ் நின்றது. அவள் இறங்கி, சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே போட்டாள். பாறூக் கதவைத் திறந்து குதித்தார். பஸ்ஸிலிருந்தவர்கள் அவளைத்தான் ஏசினார்கள்.

பாறூக் கத்தி முடித்தார். பிறகு சொன்னாள்:

“ஒங்களுக்கு அஞ்சு நிமிஷம் பிந்தும், பாறூக் காக்கா. என்ட மனிசன் ருகூவுக்குக் குனிய ஏலாம, கதிரையில குந்தித் தொழுவுறாரு. ஜும்ஆவுல நீங்க பாக்கலியா?”

பாறூக் பார்த்திருக்கிறார். பஸ்ஸிலிருந்த ஆண்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அவர் ஏறி, சந்தி வரைக்கும் ஹோன் அடிக்காமல், தூரம் விட்டு அவளுக்குப் பின்னால் ஓட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், பாறூக் கதிரைக்குப் பக்கத்தில் போய் முபாரிஸுக்கு ஸலாம் சொன்னார். பதில் சொல்வது கடமை. முபாரிஸ் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் முபாரிஸை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததைக் கேட்ட ஹஃபீலா, தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“பதில் செல்லினது சரி. மன்னிப்பு அவரு கேக்கவே இல்ல. நீங்களாக் குடுத்துராதீங்க.”