‘நாளைக்கு வரும்’ கடை

மளிகைக் கடையில் வேலைக்குச் சேருகிறவனுக்கு முதல் நாள் சொல்லித் தருவது எடை போடுவதை அல்ல, ‘இல்லை’ என்ற சொல்லை வாயில் வரவிடக் கூடாது என்பதைத்தான். ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள் யாராயிருந்தாலும் மேலே படிக்கலாம். உங்களுக்கும் இப்படி ஒரு கடை இருந்திருக்கும்.

அரை மணி முந்திய கடிகாரம்

மாம்பலம் பக்கம் ஏரியைத் தூர்த்து, மனை போட்டு, வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் கடை இருந்த மயிலாப்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே குடி போனார்கள். எங்கள் முதலாளி சொக்கலிங்கம் செட்டியார் ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பினார். புதுக் கடைகள் வந்துவிட்டனவாம். மாதம் ஒரு தடவை சரக்கு எடுப்பதை விட்டு, வாரம் இரண்டு தடவை எடுக்க வேண்டும். மாம்பலத்து வீடுகளுக்கே வண்டியில் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்றார். நாங்கள் தலையாட்டினோம். மறுநாளும் எல்லாம் பழையபடியே நடந்தது.

எங்களுக்குச் சுறுசுறுப்பு வரட்டும் என்று சுவர்க் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார். இரண்டே நாளில் எல்லோரும் மணியைப் பார்த்ததும் அரை மணியைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். தராசில் நிற்கும் முனுசாமி, முப்பது வருஷத்துப் பழைய ஆள், மத்தியானம் முதலாளியிடமே கேட்டார்: “கடியாரத்தத் தள்ளி வெச்சிட்டீங்க முதலாளி. வயித்த எப்டித் தள்ளி வெக்கிறது?”

கடை மூடும் பிரசங்கம்

அடுத்த வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போட்டு முடித்ததும் எங்களை வரிசையாக நிறுத்தினார். “இப்படியே போனால் ஆறு மாசத்தில் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன்” என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். படிப்பு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் கிடையாது. பொட்டலம் கட்டும் காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே வாசிக்கக் கற்றவன். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு கடை கிடையாது.

வண்டி ஓட்டும் காதர் பாய் மட்டும் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்: “பயப்படாத நைனா. இதோட நாலாவது தபா மூடுறாரு. ஒவ்வொரு தபா மூடுனப்புறமும் தீபாவளிக்கு வேட்டி குடுத்துக்கினுதான் கீறாரு.”

பீபரி மாமி

கேட்ட சாமான் இருப்பில் இல்லாவிட்டால், மளிகைக்காரன் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். சொன்னால் லட்சுமி படியிறங்கிவிடுவாளாம். “நாளைக்கு வரும்” என்பான். சன்னதித் தெருவிலிருந்து ஒரு மாமி பீபரி காப்பிக்கொட்டைக்காக மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தார். மூன்று வாரமும் முனுசாமி சிரித்த முகத்தோடு “நாளைக்கு வரும் மாமி” என்றார். ஒரு நாள் மாமி வெறும் பையோடு படியிறங்குவதை முதலாளி பார்த்துவிட்டு, “கேட்டதெல்லாம் கொடுத்தாச்சா?” என்றார். “குடுத்துடலாம் முதலாளி, நாளைக்கு” என்றார் முனுசாமி. முதலாளியும் திருப்தியாகக் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மாமியின் பின்னாலேயே ஓடி, இன்னும் ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டேன். மாமிக்குக் கோபம்கூட வரவில்லை. “நாளைக்கு நாளைக்குன்னு நீங்க சொல்லிண்டே இருக்கேள், நானும் வந்துண்டிருக்கேன். தை பொறந்தா நாங்க மாம்பலத்துக்கே போறோம். அங்கே கடைக்காரன் இல்லேன்னா இல்லேன்னு சொல்றான், மறுநாள் வாங்கி வெக்கறான்.”

அரிசி மூட்டைக்குப் பின்னால் பலகை

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எங்கள் கடையின் ‘இல்லை’ எல்லாம் வந்தவர்களோடு வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்த யார் காதிலும் அது விழவில்லை. ஒரு சிலேட்டுப் பலகை வாங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் மாட்டினேன். யார் என்ன கேட்டு வெறுங்கையோடு போனார்களோ, அதை எழுத ஆரம்பித்தேன். முனுசாமி முறைத்தார். பிறகு யோசித்துவிட்டு, “எழுதிக்கோ. வாயால மட்டும் சொல்லிடாத” என்று அனுமதி கொடுத்தார்.

மூன்றாம் நாளே இரண்டு பக்கமும் நிரம்பிவிட்டது. முதலாளியிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. “எல்லோருக்கும் படித்துக் காட்டு” என்று மட்டும் சொன்னார். படித்தேன். சன்னதித் தெரு மாமி, பீபரி. குளத்தங்கரை வக்கீல் வீடு, ஜவ்வரிசி. நொச்சிக்குப்பம் அஞ்சலை, மிளகாய்… எல்லாம் முனுசாமி பெயர் சொல்லி வரவேற்கும் ஆட்கள். பாதிப் பலகையிலேயே அவர் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். “நான் குனிஞ்சி எடை போட்டுக்கினே இருந்துட்டேன். போறவங்க கையப் பாக்கலியே!”

விடியற்காலை வண்டி

மறுநாள் கோழி கூவும்போதே காதர் பாயைத் தட்டி எழுப்பிக் கொத்தவால் சாவடி மொத்தச் சந்தைக்குப் போனவர் முனுசாமிதான். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடை திறக்கும்போது ஜவ்வரிசியும் மிளகாயும் இறங்கிவிட்டன, பீபரியும் வந்திருந்தது. தை மாதம் பிறந்ததும் வண்டி வாரம் இரண்டு தடவை மாம்பலம் போயிற்று. முதல் நடை மாமியின் புது வீட்டுக்கு. நானும் கூடப் போயிருந்தேன். கொட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மாமி சொன்னார்: “ஒரு வழியா உங்க நாளைக்கு வந்துடுத்தே!”

முதலாளி சொன்ன ஆறு மாசக் கெடு மாசியோடு கழிந்தும் கடை மூடவில்லை. எனக்குப் பெண் பிறந்திருந்தாள். வேலை நிலைத்துவிட்டது என்று வீட்டில் பலகைக் கதையைச் சொன்னேன். பாரம் இறங்கினாற்போல் இருந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டிருந்த என் மனைவி சொன்னாள்: “நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வாங்கியாங்க. நான் கேட்டு நீங்க நாளைக்குன்னு சொன்னதெல்லாம் எழுதணும், பெரிசாவே வாங்குங்க.”

கடிகாரத்தைத் திருகியும் கண்ணீர் விட்டும் முதலாளி எங்களுக்கு ஊட்டப் பார்த்த அவசரத்தை ஒரு சிலேட்டுப் பலகை மூன்றே நாளில் ஊட்டிவிட்டது. வீட்டுக்குப் பலகை வாங்குவதை மட்டும் நான் கடைசிவரை நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிவிட்டேன்.