கிரிதர் மாட்டிய விளக்குகள்

கல்கத்தா காளிகாட்டில் கிரிதர் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்த்துவந்தார். அந்தப் பகுதி போலீஸ் வண்டிகளுக்கு விளக்கு மாட்டும் வேலை அவர் பட்டறைக்குத்தான் வரும். ஆரம்பத்தில் எல்லாம் பல்பு விளக்குகள். உள்ளே சின்ன மோட்டார் ஒன்று கண்ணாடியைச் சுழற்ற, வெளிச்சம் சாவகாசமாகச் சுற்றி வரும். பிறகு எல்.இ.டி. பட்டைகள் வந்தன. சிவப்பும் நீலமும் படபடவென்று மாறி மாறி வெட்டும். உச்சி வெயிலிலும் பளிச்சென்று தெரிவதால் போலீஸாருக்குப் பிடித்திருந்தது. கிரிதருக்கும்தான்.

அவர் மகள் சாய்பிரியா ஜாதவ்பூரில் கல்லூரியில் சேர்ந்திருந்த சமயம். ஒரு மத்தியானம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், அப்பா புதுப் பட்டையைப் போட்டுச் சோதிப்பதைக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, அதை நிறுத்து. என்னமோ பண்ணுது."

அவர் நிமிர்வதற்குள் விழுந்துவிட்டாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. கிரிதர் அவளைப் பிடித்துக்கொண்டு கத்தினாரே தவிர, விளக்கை அணைக்கத் தோன்றவில்லை. பக்கத்துக் கடை ரஞ்சன்தான் ஓடிவந்து வயரைப் பிடுங்கினார்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "வேகமா மின்னுற வெளிச்சம் இவளுக்கு ஆகாது. எதிர்ப்பட்டா, ஒரு கண்ணை உள்ளங்கையால நல்லாப் பொத்திக்கிட்டுத் திரும்பிடணும்" என்றார்.

கிரிதர் காவல் நிலையத்துக்குப் போனார். "ஸார், கொஞ்சம் மெதுவா மின்னுற மாதிரி மாத்தித் தரட்டுமா?"

"உங்க பொண்ணை நினைச்சா கஷ்டமா இருக்கு, அண்ணா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா இது மேலிடத்து உத்தரவு. நீங்க மாட்டலேன்னா வேற ஆள் மாட்டுவான்."

கிரிதர் அந்த வேலையை விட்டார். வேறு ஆள் மாட்டினான்.

ஊரே தெருவில் திரளும் துர்கா பூஜை வந்தது. தெருமுனை தோறும் போலீஸ் வண்டி. சாய்பிரியா சப்தமி வரை வீட்டிலேயே இருந்தாள். அஷ்டமியன்று தோழிகள் கூப்பிட்டபோது அம்மா சுலோசனா தடுத்தாள்.

"எத்தனை நாளைக்கும்மா கதவைச் சாத்திக்கிட்டு இருக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ராஷ்பிஹாரி முனையில் கூட்டத்துக்கு நடுவே ஒரு போலீஸ் வண்டி விளக்கைப் போட்டபடி நின்றிருந்தது. சாய்பிரியா கண்ணைப் பொத்திக்கொண்டாள் என்று தோழி பிறகு சொன்னாள். பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியதில் கை விலகிவிட்டது. இழுப்பு வந்து விழுந்தவளின் தலை இரும்புத் தடுப்பில் மோதியது.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேச்சு குழறுகிறது; கையும் சொன்னபடி கேட்பதில்லை. படிப்பு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுலோசனா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"அது நீங்க மாட்டினதா?"

"தெரியலை" என்றார் கிரிதர்.

அந்த வண்டியைப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் போகவில்லை. பட்டறையையும் கொடுத்துவிட்டார். இப்போது லேக் மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, சோற்றைக் குழையப் பிசைந்து மகளுக்கு ஊட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்.