பிரசவச் சட்டம் வருமுன் ரகீம் சாயபு செய்தது

செவ்வாய்ப்பேட்டை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மில்லில் என்னோடு இருந்த ராக்கம்மாள் தெருவைக் கடந்து ஓடிவந்து, "நர்ஸம்மா, நம்ம சாயபு போயிட்டாருங்க" என்றாள். வரிசையில் நின்ற மில் பெண்கள் நாலைந்து பேர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரகீம் சாயபு எங்கள் நூல் மில்லின் மானேஜர். நான் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தணியும். அதைத் தெரிந்தவர்கள் உஷாராகிவிடுவோம்.

பிள்ளை பெறும் பெண்களுக்கு உதவிப் பணத்தோடு ஓய்வு தர வேண்டுமென்று சட்டம் வரப்போவதாகப் பத்திரிகையில் பார்த்ததும், சில மில்களில் கல்யாணமான பெண்களைச் சத்தமில்லாமல் நிறுத்தத் தொடங்கினார்கள். எங்கள் முதலாளியும், "நம்ம பொம்பளைங்களையும் நிறுத்திருங்க சாயபு. சட்டம் வாரப்போ ஆளே இருக்கக் கூடாது" என்றார்.

சாயபுவின் குரல் தணிந்தது. "நிறுத்திறலாமுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு நாள் அவங்க இல்லாம மில்லை ஓட்டிப் பாத்துருங்க."

திங்கட்கிழமை அவர்களுக்குக் கூலியோடு விடுப்பு. நூல் சுற்றும் பகுதியில் வேறு ஆட்களை நிறுத்தினார்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடத் தெரியாமல் அவர்கள் திண்டாடினார்கள். மத்தியானத்துக்குள் தரையெல்லாம் நூல் சிக்கல். பார்க்க வந்த முதலாளியின் காலிலும் சுற்றிக்கொண்டது. குனிந்து பிய்த்தபடியே, "நாளைக்கு எல்லாத்தையும் வரச் சொல்லுங்க" என்றார்.

"சட்டமுங்க?"

"அதை நீங்க பாத்துக்குங்க."

அந்த ஒரு சொல் சாயபுவுக்குப் போதும். மறுநாளே பதிவேடு திறந்தார். உதவிப் பணம் கிடைக்க வேலைக்குச் சேர்ந்த நாள் வேண்டும்; பாதிப் பேருக்கு அது தெரியாது. "நீ வந்தப்போ ஆடிப் பண்டிகையா, பொங்கலா?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக் கேட்டு எழுதினார். ஒருத்தி ஓய்வில் போனால் அவள் மிசினைப் பார்க்க இன்னொருத்தியை முன்கூட்டியே பழக்கினார்.

ஆனால் கர்ப்பமாக இருந்த பெண்கள் வேலை போய்விடுமென்று அதை மறைத்தார்கள். ஆறு மாத வயிற்றோடு வந்த செல்லம்மாள், "இது வவுத்து வீக்கமுங்க நர்ஸம்மா" என்று என்னிடமே சாதித்தாள். சாயபுவிடம் சொன்னேன். "பயப்படறது அவங்க தப்பில்லம்மா. அவங்க நம்பற மாதிரி நாம இன்னும் ஒண்ணும் சொல்லலே" என்றார்.

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் முதலாளியையே வாசலுக்கு அழைத்து வந்தார். அத்தனை பேருக்கும் முன்னால் முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, "புள்ளை பெத்துட்டு வாரவங்களுக்கு அவங்கவங்க மிசின் அப்படியே இருக்கும். இது என் வாக்கு" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். முதலில் வந்தவள் செல்லம்மாள். "வீக்கமில்லீங்க, ஆறு முடிஞ்சு ஏழாம் மாசமுங்க" என்று சொல்லிச் சிரித்தாள், அழுதாள்.

சட்டம் நடப்புக்கு வந்து சில மாதங்களில் இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார், குறை கிடைக்கவில்லை. பிரசவமாகித் திரும்பியவளைப் பார்க்க வேண்டும் என்றார். செல்லம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்தாள்.

"திரும்பி வந்ததும் வேலை கொடுத்தார்களா?"

"வேலை மட்டுமாங்க சாமி, என் மிசினையே குடுத்தாங்க!"

மிசின் இரைச்சலையும் மீறி அந்தப் பகுதியே கைதட்டியது. முதலாளி மார்பை நிமிர்த்தி, "நம்ம மில்லுல எல்லாம் முன்னாலயே செஞ்சாச்சுங்க" என்றார். சாயபு சன்னல் பக்கம் திரும்பி நின்று சிரிப்பை விழுங்கினார். பிறகு எத்தனை மில் மானேஜர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்க்க வந்தார்கள்! எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது நகராட்சி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். "புது விதி வந்தா, அதைக் கேட்டு யார் பயந்து ஒளிவாங்கன்னு முதல்ல பாரும்மா. அவங்ககிட்டயிருந்து ஆரம்பி" என்று சாயபு ஒருமுறை எனக்குச் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். போன வாரம் ஒரு புது உத்தரவு வந்தது. படித்து மடித்து எடுத்துக்கொண்டு, டாக்டர் அறைக்குப் போகுமுன் துப்புரவுப் பெண்கள் இருக்கும் பக்கம் நடந்தேன்.