பதினேழாவது கேள்வி

இரண்டு வருடங்களுக்கு முந்தைய தை மாதம், பட்டினப்பாக்கத்தில் குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கும் சமூகக்கூடத்தில் நாங்கள் நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமில் இது தொடங்கியது. முதுகலை முடித்துவிட்டு, அடையாறில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் நான் சேர்ந்து அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் வேலை இதுதான். சர்க்கரை நோய் வருவதற்குச் சில வருடங்கள் முன்பே ரத்தத்தில் அதன் சாயல் தெரிய ஆரம்பித்துவிடும். கொழுப்பு, இன்சுலின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்று ஏழெட்டு அளவுகளை எடுத்து, யாருக்கு நோய் வரக்கூடும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் கணினி நிரலை எழுதியது நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களிடம்கூட அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவு பெருமை.

முடிவை எண்களாகக் கொடுத்தால் யாருக்கும் புரியாது என்று எங்கள் வழிகாட்டிப் பேராசிரியையிடம் சண்டை போட்டு வண்ண அட்டைகள் வாங்கியதும் நான்தான். சிவப்பு என்றால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் கவனம். பச்சை என்றால் ஆபத்து குறைவு. லஸ் முனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று ஒவ்வொன்றையும் லேமினேட் செய்தேன்.

வழக்கமாக வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுப்பார்கள். மீன் விற்கும் பெண்களிடம் அது நடக்காது. விடியும் முன்பே காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, இரண்டு டீயும் ஒரு பன்னும் உள்ளே போன பிறகுதான் எங்களிடம் வருவார்கள். அதனால் அவர்களுக்கு மட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனையை விட்டுவிட்டு, சாப்பிட்டிருந்தாலும் மாறாத மூன்று மாதச் சராசரியை நம்பினோம். அதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அது பொய் சொல்லும். ஏற்றப்பட்டது வேறு யாருடைய ரத்தமோ, அதனால் சர்க்கரை குறைவாகத் தெரியும். அதற்காகவே படிவத்தில் பதினேழாவது கேள்வி இருந்தது: கடந்த நான்கு மாதங்களில் உங்களுக்கு ரத்தம் ஏற்றப்பட்டதா?

மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். வெளியே கூடையில் மீன் காத்திருக்கிறது, வெயில் ஏறுகிறது, அவர்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கும் இல்லை. பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வரை எல்லோருமே "இல்லை" என்றுதான் சொல்கிறார்கள் என்பதை இரண்டாம் நாளே கவனித்துவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து அவற்றைக் கேட்கவே இல்லை. "இல்லை" என்ற கட்டங்களின் மேல் மேலிருந்து கீழாக ஒரே கோடு. முகாம் முடிந்து ஆட்டோவில் திரும்பும்போது மொத்தப் படிவங்களுக்கும் கோடு போட்டுவிடுவேன். அதை ஒரு சாமர்த்தியமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா வந்தது நான்காம் நாள். வயது நாற்பத்தைந்துக்கு மேல். லூப் ரோட்டில் மீன் கடை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள் என்று சொன்னார்களாம். அதற்காகவே வந்திருந்தார். ரத்தம் எடுக்கும் நர்சுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா வலியைக் காட்டிக்கொள்ளாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போன மாசம் எனக்கு ரத்தம் ஏத்துனப்போவும் இப்டித்தான் பாப்பா. நரம்பே கெடைக்கல."

நான் குழாயில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் இன்னும் பதினைந்து பேர். "கைய ஆட்டாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதத்தில் அவருக்குப் பச்சை அட்டை வந்தது. நானே கடைக்குப் போய்க் கொடுத்தேன். தலையில் தொட்டுவிட்டு இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நாலு நண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

சித்திரையில் ஒருநாள், தி.நகரில் துணிக்கடைப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் போன் செய்தாள். அட்டையின் பின்னால் என் எண் இருந்தது. அம்மா காலில் கெளுத்தி முள் குத்தி ஒரு வாரமாக ஆறவில்லை, வீங்கியிருக்கிறது, தெருமுனை டாக்டர் சர்க்கரை பார்க்கச் சொல்கிறார் என்றாள். அம்மாவோ அட்டையைக் காட்டி, எனக்குத்தான் இல்லையே, கட்டு மட்டும் போடு என்கிறாளாம்.

"அட்டைய நம்பலாமாக்கா?"

"தாராளமா நம்பலாம்" என்றேன். காயத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. போனை வைத்துவிட்டுப் புடவை பார்க்கப் போனேன். இப்போது எழுதும்போதும் அந்த ஒரு நிமிடத்தில் கை நிற்கிறது.

பதினோரு நாள் கழித்து மறுபடி அவளே கூப்பிட்டாள். அழவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது, விஷம் மேலே ஏறிவிட்டது, காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றாள். உங்க அட்டை எப்படிக்கா பச்சையாச்சு என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அலுவலகத்தில் அவருடைய படிவத்தைத் தேடி எடுத்தேன். பதினேழின் மேல் என் கோடு ஓடியது. நர்சு கையைத் தட்டிக்கொண்டிருந்ததும் அக்கா சிரித்துச் சொன்ன வார்த்தையும் அப்போதுதான் திரும்பி வந்தன. மூன்று மாதச் சராசரியை மட்டும் நீக்கிவிட்டு என் நிரலை ஓட்டிப் பார்த்தேன். மற்ற அளவுகள் எல்லாம் சேர்ந்து சிவப்பு என்றன.

பேராசிரியை திட்டவில்லை. படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டார். "எத்திக்ஸ் கமிட்டிக்கு நான் எழுதறேன். அந்தம்மாகிட்ட நீதான் சொல்லணும்" என்றார்.

வார்டில் அக்கா சுவர் ஓரக் கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மகள் ஸ்டூலை எனக்குத் தள்ளிவிட்டு, தெருமுனை டாக்டரைத் திட்ட ஆரம்பித்தாள். அவன் ஒழுங்காகக் கட்டுப் போட்டிருந்தால் கால் இருந்திருக்கும், தன் வீட்டுக்காரர் அவனை ஒரு கை பார்க்கத்தான் இப்போது போயிருக்கிறார் என்றாள். உண்மையில், சர்க்கரை பார்க்கச் சொன்ன ஒரே ஆள் அந்த டாக்டர்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழி அங்கேயே நின்றிருக்கும். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி, கோடு, போனில் நான் சொன்னது, எதையும் விடவில்லை. மகள் எழுந்து நின்றாள். அக்கா மட்டும் அசையாமல் கேட்டார்.

"நான் சொன்னனே பாப்பா. ஊசி குத்தறப்போவே சொன்னேன்."

"சொன்னீங்கக்கா."

"காதுல வுழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகள் என்னைப் போகச் சொன்னாள். கதவு வரை போனதும் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இங்க வந்து சொன்னா ஆச்சா? அந்த டாக்டராண்ட போய்ச் சொல்லு. என் மருமவன் அங்க நின்னுக்கினு கீறான்."

ஆட்டோ பிடித்துப் போனேன். கிளினிக்கின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, வாசலில் ஏழெட்டுப் பேர். அத்தனை பேர் நடுவில் மறுபடியும் சொன்னேன். மருமகன் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. காறித் துப்பிவிட்டு நடந்து போனார். டாக்டர் ஷட்டரை முழுசாக இறக்கினார்.

அதன்பிறகு கமிட்டி முகாமை நிறுத்தியது. நான் வீடு வீடாகப் போய், நான் கோடு போட்ட படிவங்களில் இருந்த ஒவ்வொருவரிடமும் அட்டையைத் திரும்ப வாங்கினேன். ரத்தம் ஏற்றிக்கொண்ட இன்னொருவர் கிடைத்தார். அவரும் பச்சை. அவருக்கு இன்று மாத்திரை போகிறது, இரண்டு காலும் இருக்கின்றன. அக்கா மட்டும் அட்டையைக் கொடுக்கவில்லை. "என்னாண்டயே கெடக்கட்டும்" என்றார்.

லூப் ரோட்டில் இப்போது மகள்தான் மீன் விற்கிறாள். அக்கா பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செதில் எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது நின்று கும்பிடுவேன். அவர் தலையசைப்பார். பாப்பா என்று கூப்பிடுவதில்லை.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். பதினேழாவது கேள்வி வரும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கிறேன். நாளைக்கு அவருக்கு என்ன வரும் என்று ரத்தத்தில் தேடும் முன், நேற்று என்ன நடந்தது என்று அவர் வாயால் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு ஒருவருடைய கால் தேவைப்பட்டிருக்கிறது.