கார் குடித்த தண்ணீர்

எங்கள் கார் போன மழைக்காலத்தில் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் எங்கள் பக்கத்தில் 'வண்டி தண்ணி குடிக்குது' என்றுதான் சொல்வோம். வாயும் வயிறும் இல்லாத இரும்புக்கு ஏன் அந்தச் சொல் வந்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

புக்கிட் பெலண்டோக் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அக்கம்பக்கத்து வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று காலை அவளைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வைக்க வேண்டும். தவறினால் உடம்பில் தண்ணீர் சேர்ந்து நுரையீரலுக்கு ஏறிவிடும். ஒருமுறை ஏறியும் விட்டது. வார்டில் மூச்சுக்குத் தவித்தாள். மறுபடி அப்படி ஆனால் இருதயம் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அவள் குடிக்கிற தண்ணீரை நான்தான் பிளாஸ்க் மூடியில் அளந்து கொடுத்தேன். கார் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் எனக்கிருந்த பெரிய பயம்.

முதல்முறை நியாயமான காரணம் இருந்தது. ரேடியேட்டர் குழாய் வெடித்து, ஆளரவமே இல்லாத செம்பனைக்கு நடுவில் நின்றுவிட்டோம். குழாயை மாற்றினேன். அதன்பிறகு பின்சீட்டில் எப்போதும் பெரிய போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். காலையில் நான் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, அவளுடைய தலையணையையும் போர்வையையும் எடுத்துவர உள்ளே போவேன். அதற்குள் தண்ணீர் பார்த்து ஊற்றுவது அவள் பொறுப்பு. அவள் அப்பா தோட்டத்தில் லாரி ஓட்டியவர், அவளுக்கு அது சின்ன வயதுப் பழக்கம். முடியாதவளுக்கு ஒரு வேலையாவது மிஞ்சட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

குழாய் மாற்றிய பிறகும் குடிப்பது நிற்கவில்லை. நான் திரும்பி வரும்போது, "ஒரு போத்தல் குடிச்சிருச்சுங்க" என்று காலிப் போத்தலைக் காட்டுவாள். எட்டிப் பார்த்தால் ரேடியேட்டர் தொட்டியில் தண்ணீர் சரியாக இருக்கும்.

அவள் மெஷினில் படுத்திருக்கும் நேரத்தில் காரை மம்பாவில் எனக்குப் பழக்கமான போர்மேனிடம் கொண்டுபோவேன். மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவன் ரேடியேட்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தான், மீட்டர் முள் இறங்கவில்லை. மூடியை மாற்றினான். தண்ணீர் கலந்தால் என்ஜின் எண்ணெய் பால் கலந்த மைலோ மாதிரி கலங்கிவிடும். எண்ணெய் சுத்தமாக இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. நான் என் பங்குக்கு வீட்டில் காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். அது ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் கிடந்தது.

"ஒழுகல், போச்சோர் எங்கேயும் இல்லண்ணே," என்றான் போர்மேன். "தண்ணி உள்ளயும் இறங்கல, வெளியயும் போகல. பேய் வண்டிலா உங்களோடது."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

ஏனென்றால் அதற்குள் எனக்குச் சத்தமும் கேட்கத் தொடங்கியிருந்தது. தோட்டத்துச் சாலையில் ஒரு வளைவு உண்டு. பனிமூட்டத்தில் அந்த இடத்தைத் தாண்டும்போது 'களக்' என்று ஒரு சத்தம் வரும், யாரோ மடக்கென்று விழுங்குகிற மாதிரி. திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் அவள் காலை நீட்டி, கண்ணை மூடிச் சாய்ந்திருப்பாள். உனக்குக் கேட்டதா என்றால், இல்லையே என்பாள். போர்மேனிடம் சொன்னேன். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று காற்றை எடுத்துவிட்டான். சத்தம் மட்டும் போகவில்லை.

மிஞ்சியிருந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வளைவில்தான் தொழிலாளர் இருந்த பழைய லயத்துக் கிணற்றை மண் போட்டு மூடினார்களாம். அங்கே இருக்கிற ஏதோ ஒன்று தாகத்தில் அலைகிறதாம். முச்சந்தி முனியாண்டி சாமிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக் கும்பிட்டால் விட்டுவிடுமாம். பைத்தியக்காரத்தனம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த பயணத்தில் காரை முச்சந்தியில் நிறுத்திய வீராதி வீரனும் நான்தான்.

சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். சூடம் கொளுத்தினேன். சாமியைச் சுற்றிவந்து, கோயிலுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று வேண்டிக்கொண்டேன். அவளை மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க விடு, வேறெதுவும் கேட்கவில்லை என்று மனம்விட்டு அழுதேன். முன்னால் வந்தபோது சொம்பு காலியாக இருந்தது. விளிம்பில் ஈரம் மின்னியது. சுற்றிலும் செம்பனையைத் தவிர யாரும் இல்லை. காருக்குள் அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. அன்று எப்படிச் சிரம்பான் வரைக்கும் ஓட்டினேனோ தெரியாது.

இதற்கிடையே டயாலிசிஸ் நர்ஸ் வேறு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் எடை ஏறியிருக்கிறது, தண்ணீரைக் குறைக்கச் சொன்னேனே என்றாள். நான் அளந்துதான் கொடுக்கிறேன் என்று சண்டைக்கே போனேன். உங்கள் தராசு சரியில்லை என்றும் சொன்னேன்.

அன்று போர்மேன் தொட்டியிலிருந்த தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு, நல்ல பச்சைநிறக் கூலன்ட் ஊற்றினான். அது நின்ற மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டான். இனிமேல் யாரும் ஒரு சொட்டுக்கூட ஊற்றக்கூடாது, குறைகிறதா என்று பார்த்துவிடலாம் என்றான். திரும்பும் வழியெல்லாம் அவள் அசந்து தூங்கினாள். அவளிடம் சொல்ல மறந்துபோனேன்.

அடுத்த பயணத்தன்று தலையணையோடு வெளியே வந்தேன். அவள் போத்தலைக் காட்டினாள்.

"இன்னிக்கும் ஒரு போத்தல் குடிச்சிருச்சுங்க."

குனிந்து பார்த்தேன். பச்சை கோட்டிலேயே நின்றது. ஒரு போத்தல் உள்ளே போயிருந்தால் வழிந்து தரையெல்லாம் ஓடியிருக்கும், நிறமும் வெளுத்திருக்கும். பிறகு அவள் கையிலிருந்த காலிப் போத்தலைப் பார்த்தேன். வீங்கிப் பளபளத்த அவள் காலைப் பார்த்தேன்.

"சாமிக்கு வெச்சது?" என்றேன்.

"அதுவும் நான்தான்."

கத்தினேன். என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகத்தான் இந்த வேலையா என்று வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். நான் ஓயும்வரை அவள் பானட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"எனக்கு மூடியில அளந்து குடுக்கிறீங்க," என்றாள். "காருக்கு மட்டும் போத்தல் போத்தலா ஊத்தச் சொல்றீங்க. நான் எவ்ளோ நாளைக்குத்தாங்க பாத்துக்கிட்டே நிக்கிறது?"

நான் பானட்டை இறக்கி மூடிவிட்டு வண்டியை எடுத்தேன். வளைவில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. டயாலிசிஸ் சென்டர் வாசலில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, நர்ஸிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். எத்தனையோ வருடத்தில் அவள் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

நான் சொன்னேன். மெஷினில் ஊசி குத்தும்போது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.