கருத்தக்கண்ணன் எண்ணில் நான்கு டிக்கெட்

திருப்பரங்குன்றத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில் கனகலட்சுமியின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. சின்ன அறைதான். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரமாக நாலு பிளாஸ்டிக் நாற்காலி. பன்னிரண்டு வருடமாக நடத்துகிறார். வருமானச் சான்றிதழ், பட்டா நகல், பென்ஷன் மனு, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பம் என்று எங்கள் பகுதியில் எதற்கும் அவரிடம்தான் போவோம்.

வருகிறவர்கள் செல்போனைத் திறந்தபடியே அவர் கையில் கொடுத்துவிட்டு டீக்குடிக்கப் போய்விடுவார்கள். பலருக்குத் தங்கள் பாஸ்வேர்டு தெரியாது, கனகலட்சுமிக்குத் தெரியும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அவரும் வேலை முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அடுத்தவர் மெசேஜை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்படிப்பட்டவருக்கு நாற்பத்து நாலாம் வயதில் ஒரு கிரிக்கெட் போட்டியால் வந்த சங்கடத்தை அவரே என்னிடம் சொன்னார். நான் விசாரித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு ஜூன் மாதம், வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருக்கும் மைதானத்தில் மாநில அளவிலான இருபது ஓவர் போட்டியின் அரையிறுதி நடப்பதாக அறிவித்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஓர் அணியில் வேகப்பந்து வீசினான். சொந்த மண்ணில் அவன் ஆடும் முதல் போட்டி. ஊர் பூராவும் அதே பேச்சு. டிக்கெட் முந்நூறு ரூபாய். ஆன்லைனில் மட்டுமே விற்பனை. ஒரு செல்போன் எண்ணுக்கு நாலு டிக்கெட், அதற்கு மேல் கிடையாது.

விற்பனை தொடங்குவதற்கு முதல் நாள் கனகலட்சுமியின் தம்பி ராம்கி கடைக்கு வந்தார். டவுனில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். எதிலும் ஒரு லாபம் கண்ணில் படும் அவருக்கு.

"அக்கா, ஒன்கிட்ட எம்புட்டு நம்பர் இருக்கு! பத்துப் பேருக்குப் போன் போட்டு ஓடிபி வாங்குனா நாப்பது டிக்கெட்டு. சனிக்கிழம வரைக்கும் கையில வச்சிருந்தா ஒண்ணு ஆயிரத்துக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போகும்."

"அது தப்பில்லையாடா?"

"எதுக்குத் தப்பு? பரவை மார்க்கெட்டுல வரத்து கொறஞ்சா வெங்காயம் வெல ஏறுதுல்ல. அவுகள யாராச்சும் கேக்குறாகளா? யாரு கழுத்தையும் நாம பிடிக்கப் போறதில்ல. வேணுங்கிறவன் வாங்குவான்."

கனகலட்சுமிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. கலர் பிரிண்டர் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். சரி என்றார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு விற்பனை தொடங்கியது. வாடிக்கையாளர்களின் எண்களை எழுதி வைத்திருக்கும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பதினோரு பேருக்குப் போன் செய்தார். "ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க." அவ்வளவுதான் கேட்டார். பதினோரு பேரில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்கவில்லை. பரவை மார்க்கெட்டில் சுமை தூக்கும் கருத்தக்கண்ணன், லாரி ஹாரன்களுக்கு நடுவே ஆறு எண்களையும் கத்திச் சொல்லிவிட்டு, "போதுமாக்கா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். அரைமணி நேரத்தில் நாற்பத்து நாலு டிக்கெட். மதியத்துக்குள் எல்லா டிக்கெட்டும் தீர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்போது தனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று கனகலட்சுமி என்னிடம் ஒளிக்காமல் சொன்னார்.

மறுநாள் ஜவுளிக்கடை பீமாராவ் வந்தார். சென்னையிலிருந்து மருமகன் வீட்டார் வருகிறார்கள், நாலு டிக்கெட் எந்த விலையானாலும் பரவாயில்லை என்றார். ஒன்று ஆயிரம் என்றார் கனகலட்சுமி. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, "நல்லவேளை, மானத்தக் காப்பாத்துனீங்க" என்று கும்பிட்டுப் போனார். வாங்கியவரே கும்பிட்டுப் போகும்போது இதில் என்ன தப்பு இருக்க முடியும் என்று தோன்றியது. மற்ற நாற்பதும் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு அறிவிப்பு. புதிதாக ஒரு பக்கம் இருக்கை போட்டிருக்கிறார்கள், பதினோரு மணிக்குக் கொஞ்சம் டிக்கெட் விடுவார்கள் என்று. பத்தே முக்காலுக்கெல்லாம் கருத்தக்கண்ணன் கடைக்கு வந்துவிட்டார். கூடவே, பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு மகள் ரோகிணியும். பத்தாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அணியில் பந்து வீசுகிறாள். அவளுக்காக அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அக்கா, ரெண்டே ரெண்டு. எனக்கும் இவளுக்கும். புதன்கிழமையே கேக்கணும்னு இருந்தேன், லோடு வந்துருச்சு."

கடையில் நல்ல கூட்டம். கனகலட்சுமி வழக்கமான கைவேகத்தில் கருத்தக்கண்ணனின் எண்ணைத் தட்டினார். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. பக்கத்தில் நின்ற ரோகிணி அதைச் சத்தமாக வாசித்தாள்.

"இந்த எண்ணில் நான்கு டிக்கெட்டுகள் ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டன."

"நான் எங்க தாயி எடுத்தேன்?" என்றார் கருத்தக்கண்ணன் மகளிடம். பிறகு அவர் முகம் மாறியது. "அக்கா, எவனோ என் நம்பர வச்சு வெளையாடியிருக்கான். பேங்க் காசு போறது இப்படித்தானாமே. மார்க்கெட்டுல ஒருத்தனுக்குப் பதினெட்டாயிரம் போச்சு. விடக்கூடாதுக்கா. போலீசுக்கு ஒரு புகார் எழுதிக் குடுங்க, இப்பவே போய்க் குடுத்துட்டு வாரேன்."

இந்தத் தெருவில் யாருக்குப் புகார் எழுத வேண்டுமென்றாலும் கனகலட்சுமிதான் எழுதுவார். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே 'ஐயா' என்று ஆரம்பித்தன. 'எனது செல்போன் எண்ணை எனக்குத் தெரியாமல் அடையாளம் தெரியாத நபர்' என்பது வரைக்கும் அடித்துவிட்டார். அதற்கு மேல் கை ஓடவில்லை. நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கருத்தக்கண்ணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது நாந்தான்" என்றார் கனகலட்சுமி.

"எது?"

"புதன்கிழம ஒங்கிட்ட ஒரு நம்பர் கேட்டேன்ல. அத வச்சு நாலு டிக்கெட்டு எடுத்தேன். கூட வெலைக்கு விக்கிறதுக்கு."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பிறகு என்னிடம் சொன்னார் கனகலட்சுமி. கருத்தக்கண்ணன் மெதுவாகத்தான் கேட்டார்.

"எதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா? சொல்லியிருந்தாலும் குடுத்திருப்பேன். ரெண்ட மட்டும் எனக்கு வையுங்கன்னு கேட்டிருப்பேன், அம்புட்டுத்தான்."

ரோகிணி நேராகக் கேட்டாள். "எங்க டிக்கெட்ட யாருக்கு வித்தீங்க?"

"ஜவுளிக்கடைக்காரருக்கு." டிராயரைத் திறந்து பிரிண்ட் எடுத்த தாள்களில் இரண்டை எடுத்து நீட்டினார் கனகலட்சுமி. "இத வச்சுக்க தம்பி. காசு வேணாம்."

கருத்தக்கண்ணன் கை நீட்டவில்லை. "இது யாரு நம்பர்ல எடுத்தது?"

"சோலையம்மாக்கா நம்பர்ல."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அவுகளக் கேட்டுட்டுக் குடுங்க. நாங்க இங்கதான் உக்காந்திருக்கோம்." மகளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் வாசல்படி அருகில் நின்றுகொண்டார்.

கனகலட்சுமி நோட்டை எடுத்தார். புதன்கிழமை போன் செய்த அதே வரிசையில் மறுபடியும் ஒவ்வொருவராக அழைத்தார். இரண்டு நாள் முன்பு ஒரு வரியில் முடிந்த பேச்சு, இப்போது ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் ஆனது. "ஒங்க நம்பர்ல எனக்காக நாலு டிக்கெட் எடுத்துட்டேன். ஒங்ககிட்டச் சொல்லாம எடுத்தது தப்பு. ஒங்களுக்கு வேணும்னா அசல் வெலைக்கே எடுத்துக்கங்க."

தையல்கடை ஃபாயிஸா சிரித்துவிட்டார். "யா அல்லா! எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா இதுக்குத்தான் நாயா அலையுறார். நாலையும் எடுத்து வைங்கக்கா, காச இப்பவே அனுப்புறேன்." ஐந்தாறு பேர், என்னமோ பண்ணிக்கம்மா, எங்களுக்கு எதுக்கு கிரிக்கெட் என்று வைத்துவிட்டார்கள். மாட்டு வியாபாரி விருமாண்டி மட்டும் விவரமாகப் பேசினார். "என் நம்பர்னா அது என் டிக்கெட்டு. அசலக் குடுத்துர்றேன், டிக்கெட்ட எனக்கு அனுப்பு." அனுப்பினார் கனகலட்சுமி. அந்த நாலையும் ஞாயிற்றுக்கிழமை மைதான வாசலில் ஆயிரத்து இருநூறு வீதம் விற்றதாக விருமாண்டி எங்கள் தெருவிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சோலையம்மாள் போனில் ஒன்றும் சொல்லாமல் நேரில் வந்தார். இட்லிக்கடை வைத்திருப்பவர், கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"நம்பர் கேட்டதும் பென்ஷன் வந்துருச்சுன்னுல்ல நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் பேங்குல போய் வேற கேட்டேன்" என்றார். குரல் உயரவே இல்லை. டிக்கெட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள் என்றவர், தன்னுடைய பென்ஷன் தாள்கள் இருந்த ஃபைலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் பசுமலையில் இருக்கும் வேறொரு கடைக்குத்தான் போகிறார். இத்தனையிலும் கனகலட்சுமியைச் சுட்டது அந்த ஃபைல்தான்.

சோலையம்மாள் சொன்ன பிறகே கருத்தக்கண்ணன் இரண்டு டிக்கெட்டை வாங்கினார். அறுநூறு ரூபாயை மேசைமேல் வைத்தார். வேண்டாம் என்றதற்கு, "ஓசியில பாத்தா ஆட்டம் நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் கனகலட்சுமி பீமாராவின் கடைக்குப் போய், கூடுதலாக வாங்கியதைத் திருப்பி நீட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னை நீங்க ஏமாத்தலியேம்மா. வெல சொன்னீங்க, தெரிஞ்சுதான் குடுத்தேன். திரும்ப வாங்குனா எனக்குக் கேவலம்."

அதைக் கருத்தக்கண்ணனிடம் கொண்டுபோனால், "நான் எதையும் விக்கலியே, எனக்கு எதுக்கு?" என்றார் அவர். யாருக்கும் வேண்டாத அந்தப் பணம் டிராயரில் ஒரு கவரில் கிடந்தது. அன்றிரவு ராம்கி வந்து, "யாருக்கும் வேணாம்னா எனக்கு வேணும்" என்று எடுத்துக்கொண்டு போனார். மீதி டிக்கெட்டுகளையும் அவர் கேட்டார். கனகலட்சுமி கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு எல்லாவற்றையும் முந்நூறுக்கே கொடுத்து முடித்தார். அக்காவும் தம்பியும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அந்தச் சண்டையில் ராம்கி மறுபடியும் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசினாராம். இந்தமுறை கனகலட்சுமியிடம் பதில் இருந்தது.

"வெங்காய வியாபாரி சொந்தக் காசப் போட்டுச் சொந்தப் பேருல வாங்குறான்டா. அழுகுனா அவனுக்குத்தான் நட்டம். நாம என்ன பண்ணோம்? வரிசையில கருத்தக்கண்ணன் நிக்க வேண்டிய எடத்துல அவன் பேரச் சொல்லிக்கிட்டு நாம நின்னோம். அவன் வந்து பாத்தா அவன் எடத்துல ஆள் இருக்கு. பீமாராவ் ஏமாறல, சரிதான். இவன்தான ஏமாந்தான்."

"எல்லாரும்தான் பண்றாங்க" என்றார் ராம்கி.

"எல்லார்கிட்டயும் இப்படி நம்பி நோட்டுல நம்பர் எழுதிக் குடுத்துட்டா போயிருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார் கனகலட்சுமி.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் மைதானத்துக்குப் போனார்கள். திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ரோகிணி ஒரு சான்றிதழ் நகல் எடுக்கக் கடைக்கு வந்தாள். ஆட்டம் எப்படி என்று கேட்க கனகலட்சுமிக்குத் தயக்கம். அவளாகவே சொன்னாள்.

"உசிலம்பட்டி அண்ணனுக்கு ரெண்டு ஓவர்தான் குடுத்தாங்க. முப்பத்தொரு ரன் போயிருச்சு. பதட்டத்துல பந்த ரொம்ப ஷார்ட்டாப் போட்டாரு. அப்பா தொண்டை கட்டுற அளவுக்குக் கத்துனாரு. இன்னைக்கு மார்க்கெட்டுல சைகையிலதான் பேசியிருப்பாரு." சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள்.

இந்த வருடமும் மைதானத்தில் ஒரு போட்டி வந்தது. டிக்கெட் திறக்கும் நாளன்று காலையில் நானும் போயிருந்தேன். பதினான்கு பேர் அவரவர் போனோடு கடையில் நின்றோம். வந்த வரிசையில் ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எது எதற்கு என்று சொல்லிச் சொல்லி டிக்கெட் போட்டார் கனகலட்சுமி. டிக்கெட் விலைக்கு மேல் நாற்பது ரூபாய் கூலி. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் சீண்டினார்.

"இந்த நாப்பதும் பிளாக்குத்தானக்கா?"

கனகலட்சுமி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கையை நிறுத்திவிட்டு யோசித்தார். "இருந்தாலும் இருக்கும் தம்பி. அதிகம்னு தோணுச்சுன்னா ஒன் போன்லயே போட்டுப் பாரு, எப்படின்னு சொல்லித் தாரேன். அதுக்குக் காசு வேணாம்."

சீண்டியவர் உட்கார்ந்து கற்றுக்கொண்டு தானே போட்டார், கிடைத்தது. எனக்கு அடுத்து நின்ற ஆறு பேருக்கு வரும்போது டிக்கெட் தீர்ந்துவிட்டது. மைதானக்காரர்களைத் திட்டிக்கொண்டே அவர்கள் கலைந்து போனார்கள். கனகலட்சுமி ஜெராக்ஸ் மெஷினுக்குத் தாள் போட ஆரம்பித்தார். வருமானச் சான்றிதழுக்கு வந்த ஒரு அம்மா அவ்வளவு நேரமும் நாற்காலியில் பொறுமையாகக் காத்திருந்தார்.